பாட்டி வெட்டிய மரங்கள்: ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மொழித் தத்துவம் படிப்பது எப்படி?

என் பாட்டி முப்பது வருஷம் மரம் வெட்டினார், ஒரு மரம்கூடச் சாயவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிரே கிடையாது. ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் உளியால் பட்டையைச் சீவி மங்கில், அதாவது கிண்ணத்தில், பால் இறக்குவது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர் மட்டும் "முப்பது வருஷமா வெட்டியும் மிச்சம் மரம் இருக்கா அத்தை?" என்று நிஜமாகவே கேட்டுவிட்டார். பாட்டிக்குக் கேள்வி புரியவில்லை, அவருக்குப் பாட்டி ஏன் முழிக்கிறார் என்று புரியவில்லை. இரண்டு பேரும் பேசியது தமிழ்தான்.

இந்தக் கட்டுரை மொழியியல் படிக்கப் போகிறவர்களுக்கும், படித்துவிட்டுக் குழம்பி நிற்பவர்களுக்கும். நான் இரண்டாவது வகை. பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படித்தபோது விரிவுரைத் தாளில் பகுப்பாய்வுத் தத்துவம் (சிக்கல்களைத் தர்க்கத்தாலும் மொழியை உற்றுப் பார்த்தும் அவிழ்க்கப் பார்க்கும் தத்துவ மரபு) மொழியியலை ஆழமாகப் பாதித்தது என்று ஒரு வரி இருந்தது, அதன் கீழே ஏழெட்டு வெள்ளைக்காரப் பெயர்கள், ஆண்டுகள். அதை அப்படியே மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டினேன், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் யாராவது "சரி, எப்படிப் பாதித்தது?" என்று கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பல வருஷம் கழித்து, தோட்டத்துச் சாலை முனையில் இருக்கும் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சின்னக் கடை) தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரைக் குடித்துக்கொண்டு பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்டபோதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்தத் தத்துவவாதிகள் மொழியியலாளர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனவற்றில் அதிகம் உழைப்பது சின்னச் சின்னச் சோதனைகள்தான். ஒரு வாக்கியத்தை எடுத்து, இதை மாற்றிப் பார், அதை எடுத்துவிட்டுப் பார், மறுத்துப் பார். பெயர்களை விட்டுவிட்டு முதலில் சோதனைகளைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

தேவையானவை: ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், சத்தமான ஒரு கடை, காது. கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடியே எழுதுங்கள். "வந்துட்டாங்க" என்பதை "வந்துவிட்டார்கள்" என்று திருத்தி எழுதினால் ஆராய வேண்டியதையே தூக்கிப் போட்டுவிட்டீர்கள். யார் யாரிடம் சொன்னது என்பதை அண்ணன், மாமா, கடைக்காரர் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். சின்ன ஊரில் நோட்டுப் புத்தகம் தொலைந்தால் அப்புறம் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதற்கு முன் ஒரே ஒரு பத்தி வரலாறு. 1800களின் கடைசியில் கோட்லோப் ஃபிரேகே என்ற ஜெர்மன் கணித அறிஞர் கணக்கைத் தர்க்கத்தின்மேல் நிறுத்தப் பார்த்தார். அன்றாட மொழி அதற்குக் குறுக்கே நின்றது, ஆகவே மொழி எப்படிப் பொருள் தருகிறது என்று தோண்டினார். அவருக்குப் பின் வந்தவர்களில் ரஸ்ஸல், கார்னாப் போன்றோர் மொழியைத் தர்க்கத்தால் செப்பனிட நினைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆஸ்டின், ஸ்ட்ராசன் போன்றவர்கள், மொழி சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் உற்றுப் பார்க்கவில்லை என்றார்கள். அதே காலத்தில் அமெரிக்க மொழியியல் பொருள் என்றாலே ஒதுங்கி நின்றது. ப்ளூம்ஃபீல்ட் 1933இல் எழுதிய புத்தகத்தில், மொழி ஆய்வின் பலவீனமான இடமே பொருளை விவரிப்பதுதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஒலிக்கும் சொல்லமைப்புக்கும் மொழியியலாளர்களிடம் நல்ல கருவிகள் இருந்தன, பொருளுக்கு இல்லை. தத்துவவாதிகளிடம் இருந்தது. கடன் வாங்கியது அப்படித்தான்.

மாற்றி வைத்துப் பார்ப்பது

இருட்டோடு வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு விடிவெள்ளி தெரியும். சாயங்காலம் மேற்கே தெரிவது அந்திவெள்ளி. இரண்டும் ஒரே கோள், வெள்ளிக் கோள். (மலேசியாவில் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்வோம், அது வேறு கதை.) ஃபிரேகே 1892இல் எழுதிய கட்டுரையில் இதையே உதாரணமாக எடுத்தார். இரண்டு பெயரும் சுட்டும் பொருள் ஒன்று, ஆனால் அந்தப் பொருளைக் காட்டித் தரும் விதம் வேறு. அதனால்தான் "விடிவெள்ளிதான் அந்திவெள்ளி" என்பது ஒரு செய்தி, "விடிவெள்ளிதான் விடிவெள்ளி" என்பது வெறும் பேச்சு.

சோதனை இதுதான்: ஒரே ஆளையோ பொருளையோ குறிக்கும் இரண்டு சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். உண்மை மாறுகிறதா? "விடிவெள்ளி உதித்துவிட்டது" என்பதில் மாற்றினால் பேச்சு கொஞ்சம் விநோதமாக ஒலிக்கும், ஆனால் பொய் ஆகாது. "அது விடிவெள்ளி என்று பாட்டி நினைக்கிறார்" என்பதில் மாற்றினால் பொய்யாகிவிடலாம், ஏனென்றால் இரண்டும் ஒன்று என்பது பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. எங்கே மாற்றி வைப்பது ஆபத்தோ, அங்கே பெரும்பாலும் "என்று" வந்து நிற்கும். என்று சொன்னார், என்று நம்பினார், என்று பயந்தார். நோட்டில் "என்று" வரும் வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடுங்கள், பேச்சு வழக்கில் அது "ன்னு". ஒரே வாரத்தில் பத்துப் பக்கம் சேரும்.

மறுத்துப் பார்ப்பது

"நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வழுக்கைத் தலை." இன்றைக்கு யாராவது இப்படிச் சொன்னால் உண்மையா பொய்யா? இப்போது வெள்ளைக்காரத் துரையே இல்லை. ரஸ்ஸல் 1905இல் இதே கேள்வியைப் பிரான்ஸ் நாட்டின் இன்றைய அரசரை வைத்துக் கேட்டார், அரசரே இல்லாத நாடு. அவர் கணக்கில், அப்படி ஒருவர் இருக்கிறார், ஒருவர் மட்டுமே இருக்கிறார், அவருக்கு வழுக்கை என்று மூன்று கூற்றுகள் அந்த வாக்கியத்துக்குள் மடிந்து கிடக்கின்றன. முதலாவது பொய், ஆகவே வாக்கியம் பொய். 1950இல் ஸ்ட்ராசன் மறுத்தார். துரை இருக்கிறார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை, முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்த அடி இல்லாவிட்டால் உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது.

எனக்கு ஸ்ட்ராசன் பக்கம்தான் சாய்வு, ஆனால் இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதைவிட மொழியியலுக்கு வேண்டியது அதிலிருந்து கிடைத்த சோதனை. வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள், கேள்வியாக்கிப் பாருங்கள். மூன்றிலும் எது அசையாமல் நிற்கிறதோ அது முன்னெடுகோள். "எதிர்வீட்டு மாமா சம்சு சாராயம் குடிப்பதை விட்டுட்டார்." "விடல." "விட்டுட்டாரா?" மூன்றிலுமே மாமா முன்பு குடித்தார் என்பது அப்படியே நிற்கிறது. பாவம் மாமா, எப்படிப் பேசினாலும் மாட்டிக்கொள்கிறார்.

தமிழில் இந்த வேலையை ஒரு சின்ன இடைச்சொல்கூடச் செய்யும். "ராமாயியும் வேலைக்கு வந்தாளா?" என்று கேட்டால் வேறு யாரோ வந்தது பேசுபவர் மனத்தில் ஏற்கனவே இருக்கிறது, அந்த "உம்" அதைக் கொண்டுவந்துவிட்டது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் இன்னொரு பெரிய வாக்கியத்துக்குள் போய் உட்காரும்போது முன்னெடுகோள் தப்பிப் பிழைக்குமா, எப்போது செத்துப்போகும் என்பது 1970களில் மொழியியலாளர்களின் முழுநேரக் கவலையாக ஆனது. "ராமாயி வந்திருந்தா, முனியம்மாவும் வந்திருப்பா" என்பதில் யாராவது உண்மையிலேயே வந்தார்களா? யோசித்துப் பாருங்கள், யாரும் வந்ததாக அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஸ்ட்ராசன் கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வெகுதூரம் போனார்கள்.

உதிர்த்துப் பார்ப்பது

"அம்மா நேத்து விடியக்காலையில நாலாவது நிரையில உளியால மரம் வெட்டுனாங்க." இதிலிருந்து "உளியால" என்பதை உதிர்த்தால் மீதி உண்மை. "நேத்து" என்பதையும் உதிர்க்கலாம். எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு "அம்மா மரம் வெட்டுனாங்க" என்றாலும் உண்மை. நமக்கு இது சாதாரணம், ஆனால் தர்க்கத்துக்கு இது தலைவலி. "வெட்டு" என்பது எத்தனை பேரை, எத்தனை பொருளைக் கேட்கும் வினை? இரண்டா, மூன்றா, ஐந்தா? டொனால்ட் டேவிட்சன் 1967இல் ஒரு வழி சொன்னார்: வினைச்சொல்லுக்குள் ஒரு நிகழ்ச்சி ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு நிகழ்ச்சி நடந்தது, அது வெட்டு, அதைச் செய்தது அம்மா, அது நேற்று நடந்தது, அதற்குக் கருவி உளி. எல்லாம் "மேலும், மேலும்" என்று கோத்த மணிகள், ஒன்றைக் கழற்றினால் மற்றவை கெடாது. இன்று வேற்றுமை உருபுகளின் பொருளைப் பற்றி எழுதும் மொழியியலாளர்களில் பலர் இந்தக் கோவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆல், இல், ஓடு என்று ஒவ்வொரு மணிக்கும் தனி உருபு வைத்திருக்கும் தமிழில் பிறந்தவர்களுக்கு இது ஏற்கனவே பாதி தெரிந்ததுபோல் இருக்கும்.

உதிராத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அதில்தான் சுவாரசியம். "கிட்டத்தட்ட விழுந்துட்டான்" என்பதில் "கிட்டத்தட்ட" உதிர்ந்தால் ஆள் நிஜமாகவே விழுந்துவிடுவான். "உளியால வெட்டல" என்பதிலிருந்து "வெட்டல" வராது.

இதோடு சேர்த்து நேரச் சோதனையையும் பழகிக்கொள்ளுங்கள். ஸெனோ வெண்ட்லர் என்ற தத்துவவாதி 1957இல் வினைகளை நான்காகப் பிரித்தார்: நிலை, செயல், முடிவு நோக்கிப் போகும் செயல், ஒரு நொடியில் நடந்து முடிவது. அவர் ஆங்கிலத்தில் செய்ததை நாம் "நேரம்", "நேரத்தில்" என்று வைத்துச் செய்யலாம். "மூணு மணி நேரம் மரம் வெட்டுனா" நன்றாக இருக்கிறது. "மூணு மணி நேரத்துல மரம் வெட்டுனா" என்றால் கேட்பவர் "எத்தனை மரம்?" என்பார். "மூணு மணி நேரத்துல நானூறு மரம் வெட்டுனா" என்றால் சரியாகிவிடுகிறது. வினை அதேதான், செயப்படுபொருளுக்கு எண்ணிக்கை வந்ததும் செயலுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. நிலைக்கு: "எனக்கு மலாய் தெரிஞ்சிக்கிட்டு இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை. மொழியியலில் வினைக்கூறு (செயல் நீள்கிறதா, முடிந்ததா என்று வினை காட்டும் விதம்) பற்றிப் பேசும் எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் வெண்ட்லரின் இந்த நான்கு பெட்டிகள் அங்கே இருக்கும்.

சொன்னதால் என்ன நடந்தது?

கடையிலிருந்து எழுந்து போகிறவர் "போயிட்டு வரேன்" என்கிறார். உண்மையா பொய்யா? அவர் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை, ஆனால் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் செய்தி எதுவும் சொல்லவில்லை, விடைபெற்றார். "போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் வீட்டுப் பெரியவர்கள் முறைத்திருப்பார்கள்.

ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைத்தான் எடுத்துப் பேசினார். பெயர் வைக்கிறேன், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், பந்தயம் கட்டுகிறேன் என்பவை எதையும் விவரிக்கவில்லை, சொல்வதே செய்வது. இவை பொய்யாவதில்லை, பிசகும். குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வழியில் போகும்போது பெயர் வைத்தால் பெயர் ஒட்டாது. ஆஸ்டின் 1960இல் இறந்துவிட்டார், சொற்பொழிவுகள் 1962இல் புத்தகமாயின. அவருடைய மாணவர் செர்ல் 1969இல் இதை ஒழுங்குபடுத்தி விதிகளாக்கினார்.

நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு வினை எழுதுங்கள்: மிரட்டினார், கெஞ்சினார், ஒப்புக்கொண்டார், தட்டிக்கழித்தார். "பார்க்கலாம்" என்பதற்குப் பக்கத்தில் "பார்ப்பதாகச் சொன்னார்" என்று எழுதினால் நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை.

இந்த யோசனை இலக்கணத்துக்குள்ளேயே நுழைந்த கதை இன்னும் வேடிக்கை. 1970இல் ஜான் ராஸ் என்ற மொழியியலாளர், ஒவ்வொரு சாதாரண வாக்கியத்தின் தலையிலும் "நான் உனக்குச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்று வாதிட்டார். ஆஸ்டினை எடுத்து, வாக்கிய அமைப்பைக் காட்ட மொழியியலாளர்கள் வரையும் மரப்படத்தின் உச்சியில் கட்டிவிட்டார் என்று வையுங்கள். எதிர்ப்புகள் குவிந்தன, அந்த வடிவத்தில் அது நிலைக்கவில்லை. ஆனால் தமிழ் பேசுகிற நாம் அதை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட முடியாது. "நான் நாளைக்கு வரேங்க" என்பதில் அந்த "ங்க" யாருக்கு? வருவது நான், எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்ளவில்லை. வாக்கியத்தில் பெயரே இல்லாத, எதிரில் நிற்கும் ஆளுக்கு அது. கேட்பவர் வாக்கியத்தின் அமைப்புக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. ராஸின் யோசனை வேறு உருவத்தில் இப்போது திரும்பி வந்திருக்கிறது, அதற்கு இப்படிப்பட்ட மொழிகளும் ஒரு காரணம்.

ரத்து செய்து பார்ப்பது

ஒரே ஒரு சோதனைதான் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள்.

"சம்பளம் போட்டாச்சா?"
"சில பேருக்குப் போட்டாச்சு."

கேட்டவர் என்ன புரிந்துகொள்வார்? எல்லாருக்கும் போடவில்லை என்று. ஆனால் பதில் சொன்னவர் அதைச் சொன்னாரா? இப்படி நீட்டிப் பாருங்கள்: "சில பேருக்கு என்ன, எல்லாருக்குமே போட்டாச்சு." முரண்பாடு இல்லாமல் ரத்தாகிவிட்டது. ரத்து செய்ய முடிந்தால் அது சொல்லின் பொருளில் இல்லை, கேட்பவர் கூட்டிக்கொண்டது. "முனியம்மாதான் வந்தா, ராமாயியும் வந்தா" என்று சொல்லிப் பாருங்கள், இடிக்கிறது. அங்கே "வேறு யாரும் வரவில்லை" என்பதைத் "தான்" தன் கைக்குள்ளேயே வைத்திருக்கிறது, ரத்து செய்ய விடாது.

பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் பேசியதன் மையம் இது. அந்தப் பேச்சின் முக்கியப் பகுதி 1975இல் அச்சானது, அதற்கு முன்பே தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறி மொழியியலாளர்களைச் சேர்ந்திருந்தது. அவர் சொன்னது: பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தேவையான அளவு சொல்வார், பொய் சொல்ல மாட்டார், சம்பந்தத்தோடு பேசுவார், தெளிவாகப் பேசுவார். இதில் ஒன்று மீறப்பட்டதுபோல் தெரிந்தால், ஏதோ காரணம் இருக்கும் என்று அந்த இடைவெளியை நாமே நிரப்புகிறோம். அவருடைய புகழ்பெற்ற உதாரணம் ஒரு பரிந்துரைக் கடிதம். தத்துவ வேலைக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர், ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் எழுதுகிறார். அவருக்குத் தத்துவம் வராது என்பது கடிதத்தில் எங்கும் இல்லை, படிப்பவர் கூட்டிக்கொள்கிறார்.

இங்கே நம் ஆட்கள் கை தூக்குவார்கள், தூக்கட்டும். பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு எண்வகை விடை நினைவிருக்கும். "ஆடுவாயா?" என்று கேட்டால் "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல், "பாடுவேன்" என்பது இனமொழி. நேரடியாகப் பதில் சொல்லாமலே விடையாவது எப்படி என்பதை நம் இலக்கணக்காரர்கள் கிரைஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கவனித்து வகை பிரித்துவிட்டார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கிரைஸ் என்ன செய்தார் என்பது பிடிபடாமல் போகும். நன்னூல் எட்டுப் பெட்டிகளைக் கொடுக்கிறது. கிரைஸ் கேட்டது, "கால் வலிக்கிறது" என்பதிலிருந்து "ஆட மாட்டேன்" என்பதற்குக் கேட்பவர் எந்தப் படிகளில் ஏறிப் போகிறார், அந்தப் படிகள் மொழி அறிவா, பொது அறிவா என்று. மொழியியலுக்குப் பிடித்தது இந்தப் பிரிப்புத்தான். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் என்று அகராதியை வீங்கவைப்பதைவிட, ஒரு பொருளை வைத்துக்கொண்டு மீதியைப் பேச்சுச் சூழலில் கணக்குப் போட்டு எடுக்கலாம். "சில" என்பதற்கு "எல்லாம் அல்ல" என்று இரண்டாவது பொருள் எழுத வேண்டியதில்லை.

அப்புறம் லாரன்ஸ் ஹார்ன் 1972இல் சில, பல, எல்லாம் என்பதுபோன்ற சொற்களை ஏணியாக அடுக்கி, கீழ்ப்படியைச் சொன்னால் மேல்படி இல்லை என்ற குறிப்பு வரும் என்று காட்டினார். ஸ்பெர்பரும் வில்சனும் 1986இல், கிரைஸின் விதிகள் இத்தனை எதற்கு, சம்பந்தம் ஒன்றே போதும் என்று கிளம்பினார்கள். பேச்சுச் சூழலில் பொருள் எப்படி வருகிறது என்று பார்க்கும் பயன்வழியியல் என்று ஒரு துறை இருப்பதற்கே ஆஸ்டினும் கிரைஸும் பெரிய காரணம்.

ரொட்டி சானாய் பலகாரமா?

ரொட்டி சானாய் என்பது பரோட்டா மாதிரி ஒரு ரொட்டி. கடையில் ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள். முறுக்கு பலகாரம், லட்டு பலகாரம், தோசையும் பலகாரம்தான் என்பார் ஒருவர். முறுக்குக்கும் லட்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒன்று காரம், ஒன்று இனிப்பு. தோசைக்கும் லட்டுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்வது இன்னும் கஷ்டம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சத்தைத் தேடாதீர்கள், குடும்பத்து முகச்சாயல் மாதிரி ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகிறது என்றார் விட்கென்ஸ்டைன், "விளையாட்டு" என்ற சொல்லை வைத்து. அந்தப் புத்தகம் அவர் இறந்தபின் 1953இல் வந்தது. 1970களில் எலினோர் ராஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து அது லேக்காஃப் போன்றவர்களின் அறிதல்சார் மொழியியலுக்குள் (மொழியை மனம் வகைபிரிக்கும் விதத்தோடு சேர்த்துப் பார்ப்பது) வந்தது. ஒரு சொல்லின் பொருளைப் பெரும்பாலும் அதன் பயன்பாட்டில் தேடு என்றதும் விட்கென்ஸ்டைன்தான். பாட்டி வெட்டிய மரங்களுக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஆனால் விட்கென்ஸ்டைனிடம் சோதனை என்று கையில் எடுத்துப்போக ஒன்றும் கிடைக்காது, பார்வைதான் கிடைக்கும், அதனால் அவரிடம் தொடங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படித்ததும் தத்துவவாதிகள் கொடுத்தார்கள், மொழியியலாளர்கள் கைநீட்டி வாங்கினார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. பார்-ஹில்லெல் என்ற தத்துவவாதி 1954இல், கார்னாப் போன்றோரின் தர்க்கக் கருவிகளை மொழியியலாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். மறு வருஷமே, பின்னாளில் பெரிய மொழியியலாளராக ஆன இளைஞர் சாம்ஸ்கி, அந்தக் கருவிகள் செயற்கை மொழிகளுக்குச் செய்தவை, மனித மொழிக்கு உதவாது என்று பதில் எழுதினார். கார்னாப்பின் எழுத்தில் உருமாற்ற விதிகள் என்ற சொல் இருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் சாம்ஸ்கியின் உருமாற்றம் (ஒரு வாக்கிய அமைப்பை இன்னொன்றாக மாற்றுவது) என்று எழுதிவைக்கும் மாணவர்கள் உண்டு, நானும் எழுதியிருக்கிறேன். சாம்ஸ்கிக்கு அந்தச் சொல் அவருடைய ஆசிரியர் ஹாரிஸ் வழியாக வந்தது. இலக்கணத்தைக் கறாரான விதிகளின் அமைப்பாக எழுதலாம் என்ற பழக்கத்தில் தர்க்கத்தின் சாயல் இருப்பது உண்மை, அதற்குமேல் இழுக்காதீர்கள்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ரிச்சர்ட் மாண்டேகு. லாஸ் ஏஞ்சலஸில் தர்க்கம் கற்பித்தவர். மனித மொழிக்கும் தர்க்கவாதிகளின் செயற்கை மொழிக்கும் கோட்பாட்டளவில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்று 1970இல் எழுதினார். வாக்கியம் எந்தப் படியில் கட்டப்படுகிறதோ அந்தப் படியிலேயே பொருளும் கட்டப்பட வேண்டும். "எல்லாப் பிள்ளைகளும் ஒரு பாட்டு பாடினார்கள்" என்றால் ஒரே பாட்டா, ஆளுக்கு ஒரு பாட்டா? அவர் முறையில் இப்படிப்பட்ட ஒரே வாக்கியத்தை இரண்டு வழியில் கட்டலாம், ஒவ்வொரு வழிக்கும் ஒரு பொருள். அடுத்த வருஷமே, 1971இல், அவர் கொலையுண்டார். சாம்ஸ்கியிடம் படித்த பார்பரா பார்டீ அப்போது அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார். மாண்டேகுவின் கணிதத்தை மொழியியலாளர்கள் படிக்கும்படி இலக்கணத்தோடு இணைத்துக் கொடுத்தது அவர்தான். இன்று வடிவப் பொருண்மையியல் (பொருளைத் தர்க்கக் கருவிகளால் விவரிப்பது) என்று பாடத்திட்டத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த இணைப்பிலிருந்து வளர்ந்தது.

படிக்கும் வரிசை பற்றிக் கேட்டால், நான் பின்னாலிருந்து முன்னால் போகச் சொல்வேன். முதலில் கிரைஸின் 1975 கட்டுரை, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கலாம். அடுத்து ஆஸ்டின், சிரிப்பு வரும்படி எழுதுகிறவர். பிறகு வெண்ட்லர், ஸ்ட்ராசன். ஃபிரேகேயை அதன் பிறகு எடுத்தால் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று புரியும், முதலில் எடுத்தால் தூக்கம் வரும். மாண்டேகுவைத் தனியாகத் திறக்காதீர்கள், கணிதம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் உங்கள் நோட்டிலிருந்து குறைந்தது மூன்று வாக்கியங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியரின் ஆங்கில உதாரணத்துக்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அந்தப் பக்கத்தை மடித்துவையுங்கள்.

என் நோட்டில் மடித்த பக்கம் ஒன்று வருஷக்கணக்காக அப்படியே இருக்கிறது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, பட்டை நனைந்தால் பால் வழிந்துவிடும், ஆகவே தோட்டத்தில் காலையில் எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ஒரு நாள் மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், சொன்னார்: "மழை வந்தாலும் வரும்." வரலாம் என்று பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் "வந்தாலும்", "வரும்" என்ற இரண்டு துண்டில் எந்தத் துண்டில் அந்த "லாம்" இருக்கிறது? "வெயில் வந்தாலும் மழை வரும்" என்பதில் அது இல்லை. ஒரே வினையை இரண்டு தரம் சொன்னால்தான் வருகிறது. ரத்து செய்து பார்த்தேன், ரத்தாகவில்லை. மறுத்துப் பார்த்தேன்: "மழை வந்தாலும் வராது" என்றால் வராமலும் போகலாம் என்று பொருள் வரவேண்டும், வரவில்லை, கடையில் சொன்னேன், சிரித்தார்கள். "வராம இருந்தாலும் இருக்கும்" என்று திருத்தினார் கடைக்காரர், தே தாரிக்கை மேசையில் வைத்துக்கொண்டே.